சாவி வண்டியில் இல்லை

என் கொழுந்தன் ராடமேஸைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. அதனால் காரிலிருந்து தொடங்குகிறேன்.

கார் கொரியாவில் யாரோ ஓட்டித் தேய்த்தது. கப்பலில் வந்து இறங்கியது. எங்கள் ஊர் சந்தியாகோவில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வண்டிதான் வைத்திருக்கிறோம். உள்ளே உட்கார்ந்தால் ஒரு பெண் கொரிய மொழியில் இனிமையாக ஏதோ சொல்வாள். அவளை நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடமாக நானும் ஸ்பானிய மொழியில் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், எங்களுக்குள் சண்டை எதுவும் வந்ததில்லை. சாவியைத் துளையில் போட்டுத் திருக வேண்டியதில்லை. சாவி கைப்பையில் இருந்தால் போதும், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் இன்ஜின் ஓடும்.

இந்தக் கார் எனக்கு ஊர் சுற்ற இல்லை. என் கணவர் கிரிஸ்பினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி, காலை பதினொரு மணிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் ஏழாம் நம்பர் நாற்காலி அவருடையது. நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வர வேண்டும். மூன்று மணிக்கு அதே நாற்காலியில் அடுத்த ஆள் உட்காருவார். நாம் அரை மணி நேரம் தாமதமாகப் போனால் நமக்குத்தான் அரை மணி நேரம் குறையும். குறைந்த அன்று ராத்திரி அவர் கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். மூச்சு வாங்கும். படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். அதனால் பத்தேகால் மணிக்குக் கார் கிளம்பியே ஆக வேண்டும்.

ஜனவரி மாதத்திலிருந்து கார் என்னைத் தெரியாதது போல நடிக்க ஆரம்பித்தது.

எல்லா நாளும் இல்லை, அதுதான் கொடுமை. நான்கு நாள் ஒழுங்காகத் திறக்கும். ஐந்தாம் நாள் கைப்பிடியைத் தொட்டால் ஊமையாக நிற்கும். சாவியின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தால் அபாயச் சங்கு தெருவையே கூட்டும். உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் கொரியாக்காரி ஏதோ சொல்வாள், திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். எதிர்வீட்டுத் தொமசினா தலையில் சுருள் குழாய்களோடு ஓடி வந்து, தன் போனை அதன் மேல் காட்டி மொழிபெயர்த்துப் படித்தாள்.

"'சாவி வண்டியில் இல்லை.' இதைத்தான் சொல்றா."

"என் கையில இருக்குடீ."

"என்கிட்ட ஏன் கத்துறே? அவகிட்டச் சொல்லு."

அவளிடமும் சொன்னேன். சாவியைத் திரைக்கு முன்னால் ஆட்டியும் காட்டினேன். இல்லை என்றால் இல்லைதான்.

என்னென்ன செய்தேன் என்று கேளுங்கள். முனைக் கடையில் பொத்தான் பேட்டரி வாங்கிப் போட்டேன். அது போலி என்று சொன்னார்கள், கடைவீதிக்குப் போய் நல்லது வாங்கிப் போட்டேன். சாவிக் கொத்தில் தொங்கிய புனித ரஃபேல் பதக்கம் உலோகம், அதுதான் மறைக்கிறது என்றார்கள். ரஃபேலைக் கழற்றிக் கைப்பையில் தனியாக வைத்தேன். போனும் சாவியும் ஒரே பையில் இருக்கக்கூடாது என்றார்கள். போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். சாவியின் மூக்கைப் பொத்தான் மேலேயே வைத்து அமுக்கினால் பேட்டரி செத்திருந்தாலும் வண்டி ஓடும் என்று மெக்கானிக் வாஸ்கர் சொன்னான். ஒரு நாள் ஓடியது. மறுமுறை கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம்.

வாஸ்கரிடம் வண்டியை இரண்டு நாள் விட்டேன். நாற்பது தடவை திறந்து மூடினானாம். கதவுக்குள் இருக்கும் கம்பிகளைப் பிரித்துப் பார்த்தானாம். வண்டியின் பேட்டரியை அளந்தானாம். இன்னொரு சாவியும் புதிதாகப் பதிவு செய்து கொடுத்தான். ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

"அக்கா, வண்டி தங்கம். வீட்டுக்கு வந்தா உன்னைப் பார்த்துப் பயப்படுதோ என்னவோ," என்றான்.

"என்னைப் பார்த்து நீ பயப்படுற மாதிரி தெரியலையே."

"நான் பயந்துதான் நாற்பது தடவை திறந்தேன்."

தங்கத்தை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மூன்றாம் நாள் புதுச் சாவியும் 'இல்லை' ஆகிவிட்டது.

ஒரு பொருள் எல்லோர் கையிலும் வேலை செய்து ஒருத்தி கையில் மட்டும் மக்கர் செய்தால் ஊர் யாரைக் குற்றம் சொல்லும்? இங்கேதான் என் கொழுந்தன் வருகிறான்.

ராடமேஸ் நியூயார்க்கில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். எங்கள் வீட்டு மொட்டைமாடியின் மேல் தனக்கென்று ஒரு மாடி கட்டிக்கொண்டான். வேலை இல்லை, கார் இல்லை, பெண்டாட்டி அங்கேயே தங்கிவிட்டாள், புத்திசாலி. இவன் பகல் முழுவதும் ஏசியைக் கடுங்குளிரில் வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேஸ்பால் பார்ப்பான். இடைவேளையில் குடும்ப வாட்ஸப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போடுவான். நியூயார்க்கில் இருக்கும் நாத்தனார் ஃபியோர் முதற்கொண்டு இருபத்தெட்டுப் பேர் அதில் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் கரண்டு வருவதும் போவதும் அதன் இஷ்டம். கரண்டு போனால் இவனுக்கு வியர்த்துவிடுமே, அதனால் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் பண்டிகைக்குத் தனக்குத் தானே ஒரு பெரிய இன்வெர்ட்டர் பரிசளித்துக்கொண்டான். எட்டு பேட்டரி. மேலே வைத்தால் பாரம், சூடு, நாற்றம். அதனால் எங்கள் போர்ட்டிகோவில், கார் நிற்கும் இடத்தை ஒட்டினாற்போல இரும்புக் கூண்டு அடித்து வைத்தான். என்னிடம் கேட்கவில்லை. கிரிஸ்பினிடம் கேட்டான், கிரிஸ்பின் சரி என்றார். தம்பி கேட்டு அவர் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை.

அவரும் தம்பியும் சேர்ந்தால் எனக்கு வயிறு எரியும். நான் வாழைக்காயை இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டி, உப்பில்லாமல், பொட்டாசியத்தை எண்ணிக் கொடுப்பேன். இவன் மேலேயிருந்து ஒரு தட்டு மசித்த வாழைக்காய், பொரித்த சலாமி, பாலாடைக்கட்டி எடுத்து வருவான். "அண்ணன் பட்டினி கிடக்கிறாரு" என்று எனக்குக் கேட்கும்படி சொல்வான். அது அவருக்கு விஷம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்று குழுவில் போய்ச் சொன்னான்.

டயாலிசிஸ் நாளில் கார் முதல் தடவை எங்களைக் கைவிட்ட செவ்வாய்க்கிழமை, டாக்சி கூப்பிட்டோம். வர முப்பத்தைந்து நிமிடம். பாலத்தில் நெரிசல். பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்று சாயங்காலம் குழுவில் ராடமேஸின் குரல்: "அண்ணிக்குப் புது வண்டி ஓட்ட வரல, பாவம். சாவியக் குத்தம் சொல்றாங்க. வயசாகுது இல்ல." ஃபியோர் கும்பிடுகிற பொம்மை போட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைத் துடைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை, இரண்டாம் தடவை. அன்றும் டாக்சி. அன்று நிலையத்தின் தலைமை நர்ஸ் இசோலினா வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"நெரெய்டாம்மா, ஏழாம் நம்பருக்குப் பதினாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. எல்லாருக்கும் உயிர்தான். இன்னொரு தடவை லேட்டானா நாற்காலிய அவங்களுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் காலியா இருக்கிறது பக்கத்து ஊர் லா வேகாலதான், ராத்திரி ஷிஃப்ட்டு."

"வேணும்னா லேட் பண்றோம்? கார் சாவிய அடையாளம் தெரியலைங்குது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நான் சொன்னது என் காதுக்கே பொய் போலத்தான் கேட்டது. வாரத்தில் மூன்று ராத்திரி, டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றும் ஆளை வைத்துக்கொண்டு, லா வேகாவிலிருந்து நெடுஞ்சாலையில், எப்போது என்னைத் தெரியாது என்று சொல்லும் என்று தெரியாத காரில். அவருடைய உடம்பு அதை ஒரு மாதம் தாங்காது. அது அவளுக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் ராடமேஸ் மோட்டார் சைக்கிளில் ஏறி நிலையத்துக்கு வந்தான், அண்ணனைப் பார்க்க. அதிசயமாக இருந்தது, இதற்கு முன் வந்ததே இல்லை. என்னை வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வரச் சொன்னான். போனேன். கையில் ஒரு கோப்பையோடு திரும்பி வரும்போது தாழ்வாரத்தில் எதிரே வந்தான்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க."

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"ஆறு வருஷமா நீங்களே பார்க்கிறீங்க. யாருக்கும் அலுத்துப் போகும். அண்ணனைக் கூட்டிட்டு வர்றது பாரமா இருந்தா வெளிப்படையா சொல்லிடுங்க. சாவி, பேட்டரின்னு கதை எதுக்கு? வாஸ்கர்கிட்ட நான் பேசிட்டேன். வண்டில ஒண்ணும் இல்லைங்கிறான்."

அவன் சொன்னதன் அர்த்தம் மெதுவாகத்தான் உறைத்தது. என் புருஷன் சாகட்டும் என்று நான் தாமதம் பண்ணுகிறேன். அதுதான் அவன் சொன்னது. அந்தக் காப்பியை அவன் சட்டையில் ஊற்றியிருக்க வேண்டும், ஊற்றாமல் விட்டதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

சனிக்கிழமை கார் மறுபேச்சு இல்லாமல் திறந்தது. சரியாகப் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகலாம் என்று பத்து மணிக்குப் போர்ட்டிகோவுக்கு வந்தேன். கரண்டு காலையிலிருந்தே இல்லை. கைப்பிடியைத் தொட்டேன், சத்தமில்லை. இரும்புச் சாவியால் திறந்தேன், சங்கு ஊதியது, உட்கார்ந்தேன், அமுக்கினேன். சாவி வண்டியில் இல்லை. அன்று எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை. அதனால் பிடிவாதமாக உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் சொல்ல, நான் திட்ட, இருபது நிமிடம் போனது.

அப்போது தெருமுனையிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள், "கரண்டு வந்துருச்சு" என்று. அடுத்த வீடு, எதிர்வீடு, தொமசினா, எல்லோரும் வழக்கம் போலக் கூவினார்கள். ரேடியோக்கள் ஒரே நேரத்தில் பாட ஆரம்பித்தன. என் பக்கத்தில் கூண்டுக்குள் உறுமிக்கொண்டிருந்த இன்வெர்ட்டர் 'டக்' என்று அடங்கியது. என் விரல் பொத்தான் மேல் இருந்தது. இன்ஜின் ஓடியது.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி அந்தக் கூண்டைப் பார்த்தேன். ஜனவரியில் வந்த கூண்டு. ஜனவரியில் பிடித்த பைத்தியம். வாஸ்கரின் பட்டறையில் இந்தக் கூண்டு இல்லை. டயாலிசிஸ் நிலையத்தின் வாசலில் இல்லை. சந்தையில் இல்லை. கார் என்னை மறுத்ததெல்லாம் இந்தப் போர்ட்டிகோவில் மட்டும்தான், அதுவும் கரண்டு இல்லாதபோது மட்டும்தான். இரண்டு மாதமாக நான் சாவியைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், புனித ரஃபேலைக்கூடச் சந்தேகப்பட்டேன். இதைத் தினமும் சுற்றிக்கொண்டுதான் காரில் ஏறினேன். கரண்டு போவதும் இன்வெர்ட்டர் உறுமுவதும் நமக்கு மூச்சு விடுவது மாதிரி, யார் அதைக் கவனிக்கிறார்கள்?

வாஸ்கருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிரு. கரண்டு இருக்கா இல்லையான்னு கேட்கவே தோணல. வண்டி ரொம்ப மெல்லிசாதான் சாவியக் கூப்பிடும். மட்டமான இன்வெர்ட்டர் பக்கத்துல ஓடினா அந்த இரைச்சல்ல சாவிக்குக் காது கேட்காது. அவ்வளவுதான் விஷயம்."

மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். ராடமேஸ் போர்வையோடு வந்தான். சொன்னேன். முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அப்போ என் இன்வெர்ட்டர் உங்க சாவியோட பேசுது."

"கரண்டு போகட்டும். கீழ வா, காட்டுறேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"இல்லை."

அவன் முகம் மாறியது. "போன வாரம் பேட்டரி. அதுக்கு முன்னாடி பதக்கம். இப்ப நான். நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க அண்ணி, ஆவியா?"

"கூண்டை இடம் மாத்து. இல்லன்னா நாங்க கிளம்புற நேரத்துல மட்டும் அஞ்சு நிமிஷம் அணை. வாரத்துல மூணு நாள், அஞ்சு நிமிஷம்."

"என் டிவி, என் ஏசி. பொசுக்குன்னு அணைச்சா போர்டு போயிடும். காரை வேணா தெருவுல நிறுத்துங்க."

தெருவில் நிறுத்திய முந்தைய காரின் கண்ணாடிகள், பேட்டரி, நான்கு சக்கரம் எல்லாம் ஒரே வாரத்தில் போனது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அன்று சாயங்காலம் மறுபடியும் கரண்டு போனது. நான் அதற்காகவே காத்திருந்தேன். கூண்டுக்குள் கை விட்டு இன்வெர்ட்டரின் பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினேன். கைப்பிடியைத் தொட்டதும் கார் திறந்தது. மேலே தள்ளினேன், ஊமை. கீழே, திறந்தது. மூன்று தடவை செய்தேன். நான்காவது தடவைக்குள் அவன் கீழே வந்து தெருவே பார்க்க என்னைத் திருடி என்றான். கிரிஸ்பின் உள்ளே கட்டிலில் இருந்தார். வெளியே வந்து பாரேன் என்று கூப்பிட்டேன். "விடு நெரெய்டா, எனக்கு மூச்சு வாங்குது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை குழுவில் ஒன்றரை நிமிட வாய்ஸ். அண்ணி என் மிஷினை உடைக்கப் பார்த்தார்கள், மனசு சரியில்லை, அண்ணனுக்காகப் பிரார்த்தனை பண்ணுங்கள். இருபத்தெட்டுப் பேரும் பிரார்த்தனை பண்ணினார்கள். நான் பதில் போடவில்லை. நான் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? செவ்வாய்க்கிழமை கரண்டு இல்லாவிட்டால் சுவிட்சைத் தள்ளுவேன், கிளம்பிவிடுவேன். அது போதும் என்று இருந்தேன்.

செவ்வாய், பத்து மணி ஐந்து நிமிடம். கரண்டு இல்லை. கிரிஸ்பினைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தேன். கூண்டின் பக்கம் போனேன். கம்பிகளின் மேல் தகரம் அடித்திருந்தது. கதவில் என் உள்ளங்கை அளவுக்குப் பித்தளைப் பூட்டு தொங்கியது.

கைப்பிடியைத் தொட்டேன். கார் அசையவில்லை.

"ராடமேஸ்," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டேன். "பூட்டைத் திற. பத்து நிமிஷம்தான் இருக்கு." ஏசி உறுமியது. ஜன்னல் திரை லேசாக ஆடி மறுபடி மூடிக்கொண்டது. பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"டாக்சி கூப்பிடலாமே," என்றார் கிரிஸ்பின்.

"டாக்சிதான் ரெண்டு தடவை கூப்பிட்டோம். இன்னைக்கு லேட்டானா நாற்காலி போச்சு. இங்கேயே நில்லு. உன் கையில இந்தச் சாவிய வெச்சுக்க. கைப்பிடியத் தொட்டுக்கிட்டே இரு."

உருவி வைத்திருந்த குட்டி இரும்புச் சாவியால் காரின் டிக்கியைத் திறந்து சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்தேன். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது, ஊதட்டும். ஸ்பேனரின் கூர்முனையைப் பூட்டின் வளையத்துக்குள் விட்டு என் முழு எடையையும் போட்டேன். எனக்கு அறுபத்தொரு வயது, எடைக்குக் குறைவில்லை. பூட்டு பிடிவாதமாக நின்றது, கூண்டின் கொண்டி பிய்ந்து வந்தது. நியூயார்க்கில் வாங்கிய பூட்டை உள்ளூர்க் கொண்டியில் மாட்டியிருக்கிறான். சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

மாடியில் ஏசி செத்தது. அந்த அமைதியில், கிரிஸ்பினின் கைக்குக் கீழே, கார் 'பீப்' என்று சொல்லிப் பக்கக் கண்ணாடிகளை விரித்தது. சங்கு நின்றது. அவர் கதவின் கைப்பிடியையும் தன் கையில் இருந்த சாவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

ராடமேஸ் உள்ளாடையோடு பால்கனிக்கு வந்து போலீஸ் என்றான், வழக்கு என்றான். தொமசினா எதிர்வீட்டிலிருந்து, "முதல்ல கால்சட்டை போடு, அப்புறம் போலீஸுக்குப் போ" என்றாள். நான் கிளப்பினேன். கொரியாக்காரி நல்லபடியாக ஏதோ சொன்னாள்.

வழியெல்லாம் கிரிஸ்பின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தம்பியை நினைத்து வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்துவிட்டார், இனி யாரும் அவரிடம் எதுவும் சொல்ல முடியாது. பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது வாசலில் நிறுத்தினேன். ஏழாம் நம்பர் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார வைத்தேன். இடது கையில் இரண்டு ஊசியும் ஏறின, குழாய்கள் சிவந்தன, மிஷின் சுற்ற ஆரம்பித்தது.

இசோலினா அட்டையோடு வந்தாள்.

"ராடமேஸ் வரலையா?"

"அவன் எதுக்கு?"

"கையெழுத்துப் போட. இப்ப பொறுப்பாளர் அவர்தானே. மாத்திட்டீங்களே."

அட்டையை வாங்கினேன். நோயாளிக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் ஆறு வருடமாக இருந்த என் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே ராடமேஸின் பெயர். காரணம் என்ற கட்டத்தில் அவனுடைய பெரிய பெரிய எழுத்தில்: மனைவி வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார். கீழே தேதி, போன வியாழன். நான் காப்பி குடிக்கப் போன நேரம். அதற்கும் கீழே கையெழுத்து. கிரிஸ்பினின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன். நடுங்காமல் தெளிவாகப் போட்டிருந்தார்.

அவரைப் பார்த்தேன். அவர் மிஷினைப் பார்த்தார்.

"தம்பி சொன்னான்..." என்றார்.

"தம்பி சொன்னான். நீ என்ன நினைச்சே?"

அட்டையை அவர் மடியில் போட்டேன்.

"சனிக்கிழமை என் பக்கத்துல உட்கார்ந்து வந்தே. ஞாயித்துக்கிழமை நான் கூப்பிட்டப்போ சுவத்தப் பார்த்துத் திரும்பிக்கிட்டே. இதை வயித்துல வெச்சுக்கிட்டு நான் கொடுத்த சோத்தத் தின்னே. நான் உன்னைக் கொல்லப் பார்க்கிறேன்னு நினைச்சுக்கிட்டுத் தின்னே."

"சாவி உன் கையில மட்டும்தானே வேலை செய்யல நெரெய்டா."

"வீட்டுல வேற யாரு கையில இருந்துச்சு? வேற யாரு ஓட்டுறா?"

ஆறாம் நம்பரும் எட்டாம் நம்பரும் தூங்குவது போலப் பாவனை செய்தார்கள். இசோலினா நகரப் பார்த்தாள். "நீ நில்லு," என்றேன். நின்றாள்.

எனக்கு அழுகை வந்தது. இவர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று விழுங்கினேன். எழுந்து போய்விடலாம் என்றும் வந்தது. மூன்று மணிக்கு இவர் எழுந்திருக்கும்போது தலை சுற்றும், முதல் பத்து அடி யாராவது பிடிக்க வேண்டும், அந்த ராடமேஸ் பிடிக்க மாட்டான். எனக்கு அதுவும் தெரியும். அது தெரிந்திருப்பதுதான் என்னை மேலும் எரித்தது.

கைப்பையிலிருந்து போனை எடுத்துக் குடும்பக் குழுவைத் திறந்தேன். அவருடைய ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் ரத்த அழுத்தப் பட்டை. அதனால் நானே ஒலிப்பொத்தானை அமுக்கி அவர் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"பேசு."

"என்ன பேச?"

"காலையில உன் கண்ணால என்ன பார்த்தியோ அதை."

தொண்டையைச் செருமினார். "கிரிஸ்பின் பேசறேன். எல்லாரும் கேளுங்க. கார்ல கோளாறு இல்ல. ராடமேஸோட இன்வெர்ட்டர்தான். நெரெய்டா மேல தப்பு இல்ல." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், போதுமா என்பது போல.

அனுப்பவில்லை. அழித்தேன். மறுபடியும் அமுக்கினேன்.

"மிச்சத்தையும் சொல்லு."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"அட்டையில கையெழுத்துப் போட்டப்போ எத்தனை பேர் இருந்தாங்கன்னு பார்த்தியா?"

மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, முதலில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னார். பிறகு, காற்றுப் போவது போல ஒரு குரலில், "நானும் அவ வேணும்னுதான் பண்றான்னு நம்பினேன். தம்பி எழுதினதுக்குக் கீழ கையெழுத்தும் போட்டேன்" என்றார்.

அழித்தேன்.

"இன்னும் மூணே முக்கால் மணி நேரம் இருக்கு," என்றேன். "மறுபடி சொல்லு. கேட்கிற மாதிரி சொல்லு."